தண்ணி மோட்டர் வாயில முறிஞ்ச ஜீஐ நிப்பிளை எதால கழட்டலாம்?

வணக்கம் உறவுகளே. விசுவமடுவில இருந்து எழுதுறன். பிளம்பிங், மெக்கானிக் வேலை தெரிஞ்ச அண்ணாமார் ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ.

தோட்டத்துக் கிணத்து மோட்டரின்ர டெலிவரி வாயில, அதாவது தண்ணி வெளிய போற வாயில, இருந்த 1 இஞ்சி ஜீஐ நிப்பிள் (ரெண்டு பக்கமும் மரை வெட்டின, நாகம் பூசின கட்டை இரும்புப் பைப் துண்டு) வாயின்ர மட்டத்தோட முறிஞ்சு போச்சு. வெளியில பிடிக்க ஒண்டும் நீட்டிக்கொண்டில்லை. 14 இஞ்சி பைப் ரெஞ்ச் இருந்தும் பிரயோசனமில்லை. எங்கட தண்ணியில சுண்ணாம்பு கூட. மரை இடுக்கில வெள்ளையாப் படிஞ்சு, துருவோட சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்குது. துரு இளக்கிற எண்ணெய் விட்டு ஊற வச்சிருக்கிறன்.

கடையில ரெண்டு வகை காட்டினவை. ஒண்டு, இடப்பக்கப் புரி வெட்டின கூம்பு எக்ஸ்ட்ராக்டர் (முறிஞ்சு உள்ளுக்க நிக்கிறதைக் கழட்டுற சாமான்). மற்றது, உள்ளுக்க விட்டுத் திருப்பப் பல்லு வெளியில வந்து பைப்பின்ர உட்பக்கத்தைக் கவ்வுறது. முறிஞ்ச போல்ட்டுக்குக் கூம்பு சரி. ஆனா பைப் மெல்லிசு. கூம்பு இறங்க இறங்க அதை விரிச்சு, மரையை இன்னும் இறுக்கிப்போடும் எண்டு யோசிக்கிறன். வாய் வார்ப்பிரும்பு, வெடிச்சா ஒட்டுறது லேசில்லை.

கவ்வுற சாமான் இவ்வளவு இறுக்கத்துக்குத் தாங்குமோ? சூடு காட்டிறதெண்டா சீல் (தண்ணி கசியாமல் அடைக்கிற வளையம்) கருகாமல் கேசிங்கை (பம்பின்ர வெளிக்கூடு) முதல் கழட்ட வேணுமோ? இல்லாட்டி வாள் பிளேட்டால உள்பக்கம் நெடுக வெட்டி, உளியால மடிச்செடுக்கிறதுதான் பத்திரமோ? மரையில படாமல் எவ்வளவு ஆழம் வெட்டலாம்?

கச்சானுக்குத் தண்ணி விடவேணும். புதுக்குடியிருப்பு, கிளிநொச்சிப் பக்கம் ஆரிட்டையும் அந்தக் கவ்வுற சாமான் இருந்தா வாடகைக்குத் தாங்கோ, வந்து எடுக்கிறன்.