ஏஜிசி மாட்டினால் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது – அவசரம்

ஒத்தடயோடு:
ரிசீவர் கட்டியிருக்கிறேன். ஏஜிசி (சிக்னலுக்கேற்பக் கெயினை, அதாவது பெருக்கத்தை, தானே கூட்டிக் குறைக்கும் பகுதி) வயரைக் கழற்றிவிட்டு, கெயினைத் திருகும் பொட்டில் (பொட்டென்ஷியோமீட்டர்) கையால் திருப்பினால் அருமையாகக் கேட்கிறது. வயரை மாட்டினால் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. ஐசி மாற்றியும் அதே கதைதான். யாராவது சொல்லுங்கள்.

சாலிடர்புகை:
எந்த ஐசி? எத்தனை மெகாஹெர்ட்ஸ்? நொடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது? சர்க்யூட் போடாவிட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

மின்தேக்கி:
சப்ளை டீகப்ளிங்தான், அதாவது சப்ளையில் வரும் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர். ஐசி காலை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள், நின்றுவிடும்.

பழையவால்வு:
தம்பி, ஃபீட்பேக் லூப் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு ஏஜிசியில் கை வைக்க வேண்டும். டேட்டாஷீட்டைப் பிரித்தாவது பார்த்தீர்களா? 6பிஏ6 வால்வு காலத்தில் 1 மெகாஓம், 0.1 மைக்ரோ, அவ்வளவுதான் ஏஜிசி. யாரும் அவசரம் என்று அலறியதில்லை.

ஒத்தடயோடு:
ஏடி603, 10.7 மெகாஹெர்ட்ஸ். சிக்னல் அளவைச் சொல்ல டயோடு டிடெக்டர், அப்புறம் அதைச் சேர்த்துச் சேர்த்துக் கெயினை நகர்த்த ஆப்ஆம்ப் இன்டிகிரேட்டர், 10 கே, 1 மைக்ரோ. நொடிக்கு ரெண்டு மூணு தடவை. டீகப்ளிங் இருக்கு.

சாலிடர்புகை:
கெயினைக் கட்டுப்படுத்த ஜிபாஸ், ஜிநெக் என்று இரண்டு கால் உண்டே, அதில் ஜிநெக் கால் எதில் மாட்டியிருக்கிறது? அந்த ஐசிக்கு வோல்ட்டுக்கு 40 டெசிபெல். ஜிநெக்கைவிட ஜிபாஸ் அரை வோல்ட் மேலே, அரை வோல்ட் கீழே, அதற்குள் கெயின் மொத்தமும் முடிந்துவிடும். ஆப்ஆம்ப் 5 வோல்ட் ஆடினால் லூப் தாங்காது.

எட்டுபிட்:
இந்த வம்பே வேண்டாம், எஸ்டிஆர் (சாஃப்ட்வேர் ரேடியோ) வாங்கிவிடுங்கள். எல்லாம் சாஃப்ட்வேரில் பார்த்துக்கொள்ளலாம்.

பழையவால்வு:
சிக்னலை எண்ணாக மாற்றும் 8 பிட் ஏடிசிக்கு, சின்ன சிக்னலுக்கும் பெரிய சிக்னலுக்கும் நடுவில் ஏட்டளவிலேயே 50 டெசிபெல்தான் இடம். பக்கத்து ஸ்டேஷன் வந்து முட்டினால் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? உங்கள் டப்பாவின் ட்யூனருக்குள்ளும் இதே மாறும் கெயின்தான் இருக்கிறது.

எட்டுபிட்:
14 பிட்டும் கிடைக்கிறது ஐயா.

பழையவால்வு:
அதற்கும் முன்னால் சிக்னலைக் குறைக்க அட்டனுவேட்டர் வைத்துத்தானே விற்கிறார்கள்.

டெசிபெல்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்தடயோடு, ஆப்ஆம்புக்கும் ஜிபாஸ் காலுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா?

ஒத்தடயோடு:
ரிப்பிள் (மிச்சமிருக்கும் அலைத் துடிப்பு) வராமலிருக்க 100 கே, 10 மைக்ரோ. சாதாரண ஃபில்டர்தானே என்று சொல்லவில்லை.

டெசிபெல்:
அந்த சாதாரண ஃபில்டரின் டைம் கான்ஸ்டன்ட், அதாவது மாற்றத்தைக் கடத்த அது எடுக்கும் நேரத்தின் அளவு, ஒரு முழு நொடி! இன்டிகிரேட்டர் ஏற்கெனவே ஏற்ற இறக்கத்தை 90 டிகிரி (கால் சுற்று) பின்தள்ளுகிறது. இதுவும் கிட்டத்தட்ட இன்னொரு 90. கெயினைக் குறை என்று டிடெக்டர் சொன்னது ஐசிக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்டிகிரேட்டர் தேவைக்கு மேல் குறைத்துவிடுகிறது. திரும்பி வரும்போது தேவைக்கு மேல் ஏற்றிவிடுகிறது. லூப்பின் வேகத்தை ஒரு டைம் கான்ஸ்டன்ட்தான் தீர்மானிக்க வேண்டும். 10 மைக்ரோவை எடுத்துவிட்டு 0.01 போடுங்கள், 1 மில்லிசெகண்ட் ஆகிவிடும். கேரியர் ரிப்பிளுக்கு அது தாராளம்.

ஒத்தடயோடு:
0.01 போட்டேன். நின்றுவிட்டது. நன்றி.

சாலிடர்புகை:
ஜிநெக் எதில் மாட்டியிருக்கிறது என்று கேட்டேனே?

மின்தேக்கி:
எதற்கும் டீகப்ளிங்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.