பதில்: கார் ஆடியோவில் 'கிரவுண்டு லூப்': புவிக்கண்ணியா, மீள்வழி வளையமா?

நண்பர்களே,

கார் ஸ்டீரியோவின் ஸ்பீக்கரில் வேண்டாத சத்தம் உண்டாக்கும் 'கிரவுண்டு லூப்' என்ற கோளாறுக்கு நம் சொற்பட்டியலில் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு யோசனை இது:

> பாடநூலில் புவித்தொடுப்பு இருக்கிறது, கணினித் தமிழில் கண்ணி இருக்கிறது. சேர்த்துப் 'புவிக்கண்ணி' என்றால் வேலை முடிந்தது.

வீட்டு வயரிங்குக்கு இது பொருந்தும். அங்கே எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் இறங்குகிறது. காரில் மெக்கானிக் எர்த் என்பது பாடியை. ரப்பர் டயர் மேல் நிற்கும் வண்டிக்கு மண் எங்கே வந்தது? பேட்டரியின் மைனஸைப் பாடியில் முடுக்கியிருக்கிறார்கள்; ஹாரனோ ஆம்ப்ளிஃபயரோ, எதில் பாய்ந்த மின்னோட்டமும் பெரும்பாலும் அந்தத் தகடு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் வழிக்கு 'மீள்வழி' என்று பெயர் வைப்போம். 'கிரவுண்டு லூப்' அப்போது 'மீள்வழி வளையம்' ஆகும்.

கோளாறே இதில்தான் இருக்கிறது. டேஷ்போர்டில் ஸ்டீரியோ ஓரிடத்தில் எர்த் ஆகிறது. டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் வேறோர் இடத்தில். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒலிக்குறிப்பைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் உலோக வெளியுறையும் இரண்டையும் இணைக்கிறது. ஆக ஒரு வளையம் உருவாகிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் 20 ஆம்பியர் இழுக்கும்போது, பெயின்ட் சுரண்டாமல் முடுக்கிய எர்த் போல்ட்டில் 0.01 ஓம் தடை இருந்தாலே 0.2 வோல்ட் வேறுபாடு வந்துவிடும். பாட்டின் மெல்லிய பகுதிகளில் ஆர்சிஏ வழியே வரும் ஒலிக்குறிப்பு அதைவிடச் சிறியது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சிற்றலை, அதாவது அதன் மின்னழுத்தத்தில் உள்ள சிறு ஏற்ற இறக்கம், இந்த வேறுபாட்டில் ஏறிக்கொண்டு ஸ்பீக்கருக்குப் போகிறது. எஞ்சினை ரைஸ் பண்ணினால் சத்தமும் கூடவே ஏறுவது இதனால்தான்.

எஞ்சினை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஆர்சிஏவைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயரை மட்டும் மறுபடி ஆன் செய்து பாருங்கள். சத்தம் நின்றால் அது ஆர்சிஏ வழியே வந்தது. முதலில் சந்தேகிக்க வேண்டியது வளையத்தை. நிற்கவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரின் சொந்த பவர், எர்த் கம்பிகளைப் பார்க்க வேண்டும். 'மீள்வழி' என்ற பெயரைப் படித்தவர் மின்னோட்டம் திரும்பும் பாதையைத் தேடிப் போவார். 'புவி' என்று படித்தவர் எதைத் தேடுவார்?

> மெக்கானிக் யாரும் மீள்வழி என்று சொல்லப்போவதில்லை ஐயா.

சொல்ல வேண்டாம். ஒர்க் ஷாப்பில் 'பாடி எர்த்' நல்ல சொல், அப்படியே இருக்கட்டும். நாம் எழுதுவது தமிழில் கையேடு படித்துத் தானே ஸ்டீரியோ மாட்டுபவருக்கு.

'கண்ணி' வேண்டாம் என்பதற்குக் காரணம், வலை, பொறி, சங்கிலிக் கண்ணி என அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம். 'சுற்று' என்றால் சர்க்யூட்டோடு குழம்பும். காகிதத்தில் வரைந்து பார்த்தால் வளையம்தான் தெரிகிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போன மடலில் ஸ்பீக்கரின் கறுப்புக் கோடு போட்ட கம்பிக்கும் 'புவிக்கம்பி' என்று போட்டிருந்தார்கள். இது ஆபத்து. இன்றைய ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுமே ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐசியிலிருந்து (சிப்) இயக்கப்படுகின்றன. அந்த மைனஸைப் பாடியில் தொட்டால் ஐசியே போய்விடலாம். அதை 'ஸ்பீக்கர் எதிர்முனை' என்றே எழுதுவோம். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் முனைகள் மாறி பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போகும் கோளாறுக்கு 'முனை மாற்றம்' போதும்.

'இரைச்சல்' என்ற ஒரே சொல்லில் எல்லாச் சத்தத்தையும் அடைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குவதற்குச் 'சீழ்க்கை', மாறாமல் நிற்பதற்கு 'ரீங்காரம்' என்று பிரித்தால், சத்தத்தின் பெயரே காரணத்தைப் பாதி சொல்லிவிடும்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

மீள்வழி வளையம்: ஒலிக்கேபிளால் இணைந்த இரு கருவிகள் பாடியில் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆவதால் உருவாகும் மூடிய பாதை. சீழ்க்கைக்கு முக்கியக் காரணம்.

'மீள்வழி'யைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் எழுதுங்கள். புவியை மட்டும் விட்டுவிடுவோம்.