ரெய்டு: சோதனையா, பாட்டா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கபடி ஸ்கோர் காட்டும் செயலி ஒன்றைத் தமிழாக்கும் வேலை போன மாதம் என் தலையில் விழுந்தது. பாதிச் சொற்களை மென்பொருளே நிரப்பித் தந்தது. எதிரணிக் களத்துக்குள் ஒருவர் புகுந்து வரும் ‘ரெய்டு’ அதில் ‘சோதனை’ ஆகியிருந்தது. சரிபார்க்காமல் விட்டது என் தப்புதான். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் மாமா வீட்டில் ஆட்டம் பார்க்கும்போது போனை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்: “சோதனைகள் 14. வெற்றுச் சோதனை 6.” நிமிர்ந்து பார்த்து, “யார் வீட்டுலடா?” என்றார்.

‘அதிரடி சோதனை’ என்று நம் பத்திரிகைகள் பழக்கிவிட்ட பொருள் அது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 132ஆம் பிரிவு ‘தேடுதல், கைப்பற்றுதல்’ என்றுதான் பேசியது. ரெய்டு என்பது தெருவின் சொல். இங்கே கன்னட நாளிதழ்கள் அதையே ‘தாளி’, அதாவது தாக்குதல், என்று போடுகின்றன. நம்மவர்கள் கொஞ்சம் மென்மை. (கணினிக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். பல வன்வட்டுகளை ஒன்றாக இயக்கும் உங்கள் ரெய்டு 1987இல் பெர்க்கிலியில் பிறந்த முதலெழுத்துச் சுருக்கம். அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

ரெய்டுக்கு மாற்றாக நம் குழுவில் ஒருவர் சொன்ன ‘திடீர்த் தாக்குதல்’ எனக்கு ஒப்பவில்லை. பொத்தானில் எட்டெழுத்துக்குத்தான் இடம் என்பது ஒரு பக்கம். அந்தச் சொல்லில் பாதிப் பொருள்தான் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். ரெய்டு என்பது பழைய ஆங்கிலத்தில் குதிரையேறிப் போவதைக் குறித்த சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம். ரோடு அதன் உடன்பிறப்பு. வழக்கொழிந்து கிடந்ததை 19ஆம் நூற்றாண்டில் வால்டர் ஸ்காட் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். போவது, புகுவது, எடுப்பது, திரும்புவது எல்லாம் சேர்ந்தால்தான் ரெய்டு. திரும்பாவிட்டால் அது படையெடுப்பு, அல்லது சாவு.

நம் வெட்சித் திணையும் இதுதானே? வேற்றுப்புலத்தில் களவாகப் புகுந்து ஆநிரை கவர்வதோடு தொல்காப்பியம் நிற்கவில்லை. ‘ஆதந்து ஓம்பல்’ என்கிறது. கொண்டுவந்து காப்பாற்றவும் வேண்டும். கபடியிலும் எதிராளியைத் தொட்டால் மட்டும் புள்ளி வராது, தொட்டவர் உயிரோடு தன் களத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு 30 விநாடி.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கினேன். அவர் மிக்சரை மென்றுகொண்டே, “நாங்க ஊர்ல ‘பாடிப் போறது’ன்னுதான் சொல்வோம். மூச்சு விடாம சடுகுடு பாடிட்டுப் போவோம்ல” என்றார். நான் நூலகத்தில் தேடிக்கொண்டிருந்த சொல் அவர் வாயில் மிக்சரோடு இருந்திருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: ரெய்டு என்பதற்குப் பாட்டு. புள்ளி கிடைக்காமல் திரும்பினால் வெறும்பாட்டு. இரண்டு வெறும்பாட்டு தொடர்ந்து வந்தபின் புள்ளி எடுத்தே தீர வேண்டிய மூன்றாவது, வாழ்வா சாவாப் பாட்டு. ஒரே மூச்சில் மூன்று புள்ளியோ அதற்கு மேலோ எடுத்தால் பெரும்பாட்டு. ரெய்டர், பாடுநர்.

கருத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி, சிவாஜிநகரிலிருந்து

ஐயா, பாட்டு அருமை. ஆனால் ‘பாடுநர் அவுட்’ என்று திரையில் வந்தால் கச்சேரியில் கலாட்டா என்றுதான் எங்கள் வீட்டில் நினைப்பார்கள். ‘பெரும்பாட்டு’ம் வேண்டாம். பெரும்பாடு என்பது பெண்களுக்கு வரும் உதிரப்போக்குக்கு வைத்தியர்கள் சொல்லும் பெயர். பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். ஆள் புகுகிறவர்தானே, ‘புகுநர்’ என்று வைத்தால் என்ன? நான்கே எழுத்து.

வான்வழி ரெய்டை இதில் இழுக்காதீர்கள். அதற்கு வான்தாக்குதல் நன்றாகவே ஓடுகிறது.

மறுமொழி, அல்சூரிலிருந்து

வைத்தியப் பொருள் எனக்குத் தோன்றவேயில்லை. நல்லவேளை, சொன்னீர்கள். புகுநரை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாட்டு ‘சூப்பர் பாட்டு’ ஆகிறது. சூப்பரைத் தமிழர் வாயிலிருந்து பிடுங்க என்னால் ஆகாது. ‘வாழ்வா சாவாப் பாட்டு’ எட்டெழுத்தைத் தாண்டுகிறது. ‘கெடுபாட்டு’ என்று எழுதிப் பார்த்தேன். கெட்டுப்போன பாட்டு மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்ப வேண்டும், அதற்குள் யாருக்காவது ஏதாவது தட்டுப்பட்டால் எழுதுங்கள்.