காவலர் தேர்வில் உயரத் தளர்வு சரியா?

ஓட்டக்காரன்:
சாயங்காலம் கிரவுண்டில் பிராக்டிஸ் முடிந்து உட்கார்ந்தாலே இந்தச் சண்டைதான். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு ஆண்கள் 170 செ.மீ. இருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 167 போதும். பெண்களுக்கு 159, 157. எங்கள் பேட்சில் எம்.பி.சி. பையன் ஒருவன் 169 சொச்சம், ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை, ஆனால் எப்படியும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று விண்ணப்பமே போடமாட்டேன் என்கிறான். வேலையில் இடஒதுக்கீடு இருக்கட்டும், அதில் எனக்குப் பேச்சில்லை. உடல் அளவில் எதற்குத் தளர்வு? திருடன் என்ன, துரத்துகிறவன் சாதியைப் பார்த்தா மெதுவாக ஓடப்போகிறான்?

பழைய பி.டி.:
துரத்துகிற விஷயத்தில் தளர்வே கிடையாது தம்பி. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் எந்தச் சாதிப் பையனும் வீட்டுக்குத்தான். மார்பு 81, மூச்சை இழுத்தால் 86, அதுவும் எல்லோருக்கும். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் மதிப்பெண்ணுக்கான ஸ்டார் ஒன்று, 6 ஏறினால் இரண்டு, அங்கேயும் யாரும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை. உயரம் மட்டும்தான் பயிற்சியால் வராதது. சின்ன வயதில் என்ன சாப்பிட்டான், அவன் அம்மா என்ன சாப்பிட்டாள் என்பதெல்லாம் அதில் வந்து நிற்கும்.

ஓட்டக்காரன்:
அப்படிப் பார்த்தால் எம்.பி.சி. வீட்டில் மட்டும் தினமும் பாலும் முட்டையுமா சார்?

வழக்குக்கட்டு:
நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் சண்டை போட வேண்டியது 167-ஓடு இல்லை, 170-ஓடு. அந்த எண் எந்த வேலைக்குத் தேவை என்று முதலில் கேளுங்கள். அலபாமாவில் சிறைக் காவலர் வேலைக்கு 5 அடி 2 அங்குலம், 120 பவுண்டு என்று வைத்திருந்ததை 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பலம்தான் வேண்டுமென்றால் பலத்தையே சோதித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். (அதே தீர்ப்பில், ஆண்கள் சிறையில் கைதிகளுக்கு நேரெதிரே நிற்கும் வேலைக்குப் பெண்கள் வேண்டாம் என்ற விதியை விட்டுவைத்தார்கள், அது தனிக்கூத்து.) எல்லா அளவும் இப்படி விழுந்துவிடுவதில்லை. அமெரிக்காவிலேயே பிலடெல்பியாவில் ரயில், பஸ் பாதுகாப்புக்கான காவல் வேலைக்கு ஒன்றரை மைலை 12 நிமிடத்தில் ஓடச் சொன்னார்கள், பெண்களில் பெரும்பாலோர் தேறவில்லை, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து 2002-ல் மேல்முறையீட்டில் அந்த ஓட்டம் நிலைத்தது, ஏனென்றால் அந்த வேலைக்கு அது தேவை என்று காட்ட முடிந்தது. 170-க்கு அப்படி யாராவது காட்டட்டுமே!

ஸ்டேஷன் அக்கா:
எங்களுக்கு 1500 கிடையாது, 400 மீட்டர், இரண்டரை நிமிடம். 'சலுகையில் வந்தவர்கள்' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்கும்போது உயரமானவர் பக்கத்தில் இருந்தால் நிம்மதிதான், மறுக்கமாட்டேன். ஆனால் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவன் வீட்டுக் கதவை ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டினால் அவனைப் பேசித்தான் வெளியே கொண்டுவர வேண்டும், அதற்கு யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. அப்புறம், சேரும்போது மில்லிமீட்டர் பார்க்கிறவர்கள் பதினைந்து வருஷம் கழித்து அதே ஆளை 1500 ஓடச் சொல்லிப் பார்க்கட்டும்.

தம்பி, அந்தப் பையனை எப்போது அளந்தீர்கள், சாயங்காலம் ஓடி முடித்த பிறகா? படுத்து எழுந்த உடனே ஒரு செ.மீ. வரை கூடக் காட்டும், அதனால்தான் பசங்க வேனில் படுத்துக்கொண்டே தேர்வுக்கு வருகிறார்கள். நாளைக்கு விடிகாலையில் அளந்து பாருங்கள், 170-ஐத் தொட்டால் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.