கலைச்சொல்: ஆள் தயவின்றிப் பெருகும் வீட்டுப்பூனைக்கு என்ன பெயர்?

பாளையங்கோட்டையிலிருந்து:
தீவுப் பறவைகள் பற்றிய பாடக் குறிப்பு ஒன்றில் feral cat என்ற ஆங்கிலச் சொல்லைக் காட்டுப்பூனை ஆக்கி, "காட்டுப்பூனைகளை அடியோடு ஒழித்தார்கள்" என்று மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. இதை அப்படியே விட முடியாது. நம் குளத்துக் கோரையிலும் கரும்புத் தோட்டத்திலும் திரியும் காட்டுப்பூனை வேறு இனம்: உயர்ந்த கால், வளையம் விழுந்த குட்டை வால், காது நுனியில் கருமயிர். வன உயிரினச் சட்டம் காக்கும் விலங்கு. தீவுகளில் ஒழித்ததோ நம் அடுப்படியில் சுருண்டு கிடக்கும் அதே வீட்டுப்பூனையை. கப்பலில் போய் இறங்கி, வேட்டையாடியே பிழைத்துக் குட்டி போட்டது. இனம் அதேதான், பிழைப்புதான் வேறு. "தெருப்பூனை" என்றும் எழுத முடியாது. மீன்கடைக் கழிவில் வயிறு வளர்ப்பது அது. காடேறிப் பூனை என்று வைக்கலாமா?

தென்காசியிலிருந்து:
அண்ணாச்சி, காடேறி என்றால் பிள்ளைகள் காதில் காட்டேரி என்றுதான் விழும். போதாததற்கு, நம் பக்கம் மானாவாரி நிலத்தையும் காடு என்போம். பருத்திக்காட்டுக்குப் போகிற பூனை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் மேரியன் தீவில் மரமே கிடையாது. அங்கே எந்தக் காட்டில் ஏறும்?

தூத்துக்குடியிலிருந்து:
மேரியனை எடுத்ததால் ஒன்று சொல்கிறேன். சொல் பிசகினால் செய்முறையும் பிசகும். 1949-இல் ஆய்வு நிலையத்துச் சுண்டெலிகளைப் பிடிக்கக் கொண்டுபோனவை 5 பூனைகள். 1977 வாக்கில் சுமார் 3,400. மண்ணில் வளை தோண்டிக் கூடு வைக்கும் கடற்பறவைகள் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல் மடிந்தன. அந்த ஆண்டே பூனைகளுக்கு வரும் பான்லுகோபீனியா வைரஸைப் பரப்பினார்கள். 1982-இல் 600 சொச்சத்துக்கு இறங்கியது. மிஞ்சியவற்றுக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிடும் என்பதால் நோயை மட்டும் நம்ப முடியாது. இரவில் துப்பாக்கி, பொறி, நச்சு எல்லாம் சேர்ந்து 1991-இல்தான் முடிந்தது. சுண்டெலிகள் மட்டும் அப்படியே இருந்தன. இப்போது அவை ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. அதனால் ஒழிப்பு என்ற சொல்லையும் கட்டுப்பாடு என்பதையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதாதீர்கள். முன்னதில் ஒரு சினைப்பூனை மிஞ்சினாலும் பட்ட பாடெல்லாம் வீண்.

பாளையங்கோட்டையிலிருந்து:
அப்படியானால் அளவுகோல் "சோறு யார் போடுகிறார்கள்" என்பதுதான். வீட்டுப்பூனைக்கு நாம் போடுகிறோம். கருத்தடை, இரவில் அடைத்து வைப்பது போதும். தெருப்பூனைக்கு நம் குப்பை போடுகிறது. குப்பையை மூடினால் எண்ணிக்கை இறங்கும். மூன்றாவதற்கு ஒருவரும் போடுவதில்லை. கருத்தடை செய்து அங்கேயே விட்டாலும் சாகும் வரை வேட்டையாடும். அட்லாண்டிக் கடலின் அசென்ஷன் தீவில் ஊருக்குள் இருந்த பூனைகளுக்குக் கருத்தடை செய்து, அடையாளச் சில்லு பதித்து வைத்துக்கொண்டு, வெளியே திரிந்தவற்றை மட்டும் ஒழித்தார்கள்; 2006-இல் அறிவிப்பு வந்தது. மூன்றுக்கும் மூன்று பெயர் இல்லாமல் இதை விளக்க முடியாது.

தூத்துக்குடியிலிருந்து:
நச்சிரை வைப்பதற்கும் அதே அளவுகோல்தான். உயிருள்ள இரை மலிந்த பருவத்தில் வைத்தால் பூனை மோந்துகூடப் பார்க்காது. இரை அருகும் மாதம் பார்த்து வைக்க வேண்டும். நில நண்டு உள்ள தீவில் நச்சிரையை நண்டே இழுத்துப் போய்விடும். பொறியில் ஒருமுறை தப்பியது மறுமுறை அண்டாது. கடைசி நாலைந்துக்குத் தானியங்கிக் கேமராவும் மோப்ப நாயும் வேண்டும்.

தென்காசியிலிருந்து:
சங்கப் பாட்டில் கோழியை நடுங்கவைக்கும் வெருகை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அதுவே காட்டுப்பூனை. போன குழப்பம் திரும்ப வரும். கட்டறு பூனை? பூனையை யார் கட்டிப் போட்டார்கள்! ஊர்நீங்கு பூனை எப்படி?

தூத்துக்குடியிலிருந்து:
தீவிலேயே பிறந்த குட்டி எந்த ஊரை நீங்கியது?

தென்காசியிலிருந்து:
அதற்காகத்தான் "நீங்கிய" என்று வைக்கவில்லை. வினைத்தொகைக்கு முக்காலமும் உண்டு. ஊறுகாய் என்றால் நேற்று ஊறியதா நாளைக்கு ஊறுவதா என்று யாரும் கேட்பதில்லை. ஊர்நீங்கு ஆடு, ஊர்நீங்கு பன்றி, ஊர்நீங்கல் என்று பிள்ளைகளும் பிறக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து:
ஆட்டுக்குப் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் feral என்ற இதே அடைமொழியைப் பட்டணத்துப் புறாவுக்கும் போடுகிறார்கள். நெல்லையப்பர் கோபுரத்துப் புறா ஊரின் நட்டநடுவில் அல்லவா இருக்கிறது? "வளர்ப்புநீங்கு" என்றால் இரண்டுக்கும் ஆகும்.

தூத்துக்குடியிலிருந்து:
ஆகும், ஆனால் தெருப்பூனையும் அதற்குள் வந்துவிடும். மூன்றாகப் பிரித்ததை மறுபடி இரண்டாக்க வேண்டாம், அண்ணாச்சி. புறாவுக்கு மாடப்புறா என்ற பெயர் இருக்கவே இருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து:
சரி. பட்டியலில் ஊர்நீங்கு பூனை, ஊர்நீங்கல் இரண்டையும் ஏற்றுகிறேன். காட்டுப்பூனை என்ற பதிவுக்கு நேரே "வேறு இனம்" என்று ஒரு குறிப்பும் போடுகிறேன். புறா வரி இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.