குறுக்குத் தெருவில் புகுந்து போகும் வண்டிகள்: வேகத்தடையின் நீளம் 3.7 மீட்டரா, 30 சென்டிமீட்டரா?

முனைவீடு:
"பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடு போட்டாலே மெயின் ரோட்டைத் தவிர்த்துத் தெருவுக்குள்ளே புகுந்து போற வண்டி நின்னுடும்" என்று, சாலைப்பிரிவு, நீங்கள் நேற்று இந்தக் குழுவில் எழுதியிருந்தீர்கள். உயரத்தைச் சொன்னீர்களே, வண்டி போகும் திசையில் நீளம் எங்கே? 1973-ல் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்துச் சொன்ன அளவு 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ உயரம். நீங்கள் போடுவது முப்பது சென்டிமீட்டர் நீளத் தார்க்கட்டி. காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2.6 மீட்டர். 3.7 மீட்டர் மேட்டில் கார் முழுசாக ஏறி இறங்கும், வேகம் கூடக் கூட ஆளைத் தூக்கிப் போடும். தார்க்கட்டியில் நேர் எதிர். மெதுவாகப் போகிறவனுக்குத்தான் குலுக்கல். வேகமாகப் போகிறவனுக்கு டயரும் ஸ்பிரிங்குமே அடியை வாங்கிக்கொள்ளும்.

சாலைப்பிரிவு:
படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். 3.7 மீட்டர் நீளத்துக்குப் போட்டால் யாராவது ஒருத்தர் வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். மறுநாளே ஆட்சேபணை மனு வரும். தெருவில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முனைவீடு:
இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதில் எங்கே முடிகிறதோ அங்கே மேட்டின் நடுக்கோட்டை வையுங்கள். வீட்டு முகப்பு 12 மீட்டர் என்றால் இந்தப் பக்கம் 1.85, அந்தப் பக்கம் 1.85. எந்த கேட்டையும் தொடாது. 3.7 மீட்டர் சார், 3.7.

சந்துக்குள்:
ரெண்டு பேரும் நீளத்தையே பிடிச்சுத் தொங்குறீங்க. மேடு வேகத்தைக் குறைக்கும், வண்டி எண்ணிக்கையைக் குறைக்குமா? மெயின் ரோடு சிக்னல்ல 120 விநாடிக்கு 20 விநாடிதான் பச்சை. ரெண்டு விநாடிக்கு ஒரு வண்டின்னா ஒரு சுற்றுக்குப் பத்து, மணிக்கு முந்நூறு. அதுக்கு மேல வர்றவன் எங்க போவான்? தெருவுக்குள்ளதான் வருவான். பச்சையை 30 விநாடி ஆக்கினா அதே வரிசையில நானூத்தி ஐம்பது போகும். முதல்ல சிக்னலைச் சரி பண்ணுங்க.

சாலைப்பிரிவு:
அந்தப் பத்து விநாடியை எந்தப் பக்கத்திலிருந்து பிடுங்குவது? பேருந்து வருகிற பக்கத்திலிருந்தா? சிக்னல் என் பிரிவில் இல்லை என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

முனைவீடு:
முன்பு வடிகால் பேச்சு வந்தபோதும் இதே "என் பிரிவில் இல்லை"தான். நீளத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

இருசக்கரம்:
மேட்டுக்கும் வடிகாலுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் ஓட முப்பது சென்டிமீட்டர் விடுகிறார்கள். பைக்குகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நுழையும், நடப்பவர் காலை ஒட்டி. ஓரத்தை மூடினால் தண்ணீர் தேங்கி, ஒரு மழையில் தார் பெயரும். ஓரம் வரைக்கும் போட்டு, அடியில் குழாய் வையுங்கள். யாரும் வைப்பதில்லை.

சந்துக்குள்:
ஆம்புலன்ஸ்? ஒவ்வொரு மேட்டுக்கும் சில விநாடி போகுது. நடுவுல 1.6 மீட்டர் அகலத்துக்குத் தனித்தனி மெத்தை மாதிரி போட்டா அகலமான வண்டி ரெண்டு சக்கரத்தையும் வெளியில விட்டுத் தாண்டிரும். காரால முடியாது.

முனைவீடு:
அந்த மெத்தைக்கு இடையில் பைக் தாராளமாகப் போகும். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும் யோசனை.

சந்துக்குள்:
உங்க தெருவுல மேடு வேணும், வண்டியெல்லாம் எங்க தெருவுக்கு வரணும். அதானே?

முனைவீடு:
நான் எங்கேயும் அப்படி எழுதவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.

சாலைப்பிரிவு:
புகுந்து போகிற வண்டி எத்தனை என்று யாருக்காவது தெரியுமா? சாலைக்குக் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு, சக்கரம் ஏறுவதை எண்ணியதை வைத்துக்கொண்டு எல்லோரும் கத்துகிறீர்கள். குழாய் எண்ணுவது அச்சை. இரண்டு அச்சுக்கு ஒரு வண்டி என்று கணக்கு வைத்தால் மூன்று அச்சு லாரி ஒன்றரை வண்டியாக விழும். அதில் யார் தெருக்காரர், யார் வெளியாள் என்று தெரியவே தெரியாது.

சந்துக்குள்:
அப்ப நம்பர் பிளேட் எடுங்க. தெருவோட ரெண்டு முனையிலும் ஆள் நிறுத்தி, கடைசி நாலு எண்ணும் நேரமும் எழுதணும். 600 மீட்டர் தெருவை 30 கிலோமீட்டர் வேகத்துல 72 விநாடியில கடக்கலாம். மூணு நிமிஷத்துக்குள்ள அடுத்த முனையில வெளிய வந்தா அது புகுந்து போற வண்டி. ரெண்டு கடிகாரத்தையும் முதல்லயே ஒண்ணா வைக்கணும், இல்லன்னா மொத்தக் கணக்கும் குப்பை.

முனைவீடு:
எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணி முடித்து எதைப் போடுவீர்கள்? அதே முப்பது சென்டிமீட்டர் கட்டியையா?

இருசக்கரம்:
நாற்சந்தியில் மூலைவிட்டமாகக் கம்பம் நட்டால் மேடே வேண்டாம். நேராகப் போக முடியாது, திரும்பித்தான் ஆக வேண்டும். கம்பங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் விட்டால் சைக்கிள் போகும், கார் போகாது. தீயணைப்பு வண்டிக்காக ஒரு கம்பத்தை மட்டும் பூட்டுப் போட்டுக் கழற்றுகிற மாதிரி வையுங்கள்.

சாலைப்பிரிவு:
அந்தச் சாவி யாரிடம் இருக்கும்? இராத்திரி இரண்டு மணிக்குப் பூட்டு துருப்பிடித்து நின்றால்? அதைவிட, தெருவை வெளியாளுக்கு மூடுவது லேசான காரியம் இல்லை. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லியோனியா என்ற சிற்றூர், வழிகாட்டி ஆப்கள் வண்டிகளைத் திருப்பிவிடுகின்றன என்று அறுபது தெருவை நெரிசல் நேரத்தில் வெளியாட்களுக்கு மூடியது. அதே ஆண்டே நீதிமன்றம் செல்லாது என்றது.

இருசக்கரம்:
அவர்கள் ஆளைப் பார்த்துத் தடுத்தார்கள். கம்பம் உள்ளூரான், வெளியூரான் பார்க்காது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

முனைவீடு:
நியூ ஜெர்சி வரை போய்விட்டீர்கள், நீளத்துக்கு மட்டும் வரவில்லை. வேலைக்காரர் கையில் கொடுக்க ஒரு பலகை போதும். 3.7 மீட்டர் பலகையில் ஆரம் 17 மீட்டருக்குச் சற்றுக் கூட வருகிற மாதிரி வளைவு வெட்டுங்கள். மேட்டின் உயரம் நடுவில் 10 செ.மீ, நடுவிலிருந்து 92 செ.மீ தள்ளி 7.5, ஓரத்தில் பூஜ்யம். தார் சூடாக இருக்கும்போதே பலகையை வைத்து இழுக்க வேண்டும். ரோலர் ஏறினால் அமுங்கும் என்பதால் முதலில் ஒரு சென்டிமீட்டர் கூட வைத்து, அமுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். மேட்டுக்கு மேடு 80 மீட்டருக்குள் இருக்கட்டும். 150 விட்டால் நடுவில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள்.

சாலைப்பிரிவு:
பலகை வெட்டத் தெரிந்தவர் டெண்டர் எடுக்க வரலாமே.

முனைவீடு:
டெண்டர் விவரக்குறிப்பில் நீளம் என்ன போட்டிருக்கிறீர்கள்? அதை இங்கே எழுதுங்கள். நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

சந்துக்குள்:
சிக்னல் பச்சை இன்னும் 20 விநாடிதான்.