சந்தைக்கு முன் அடைக்கும் ஆட்டுக்கொட்டில்: வாடைக் காத்தில இருமல் நிக்குதில்லை

இடம் யாழ்ப்பாணத்தில கொடிகாமம் பக்கம். 30க்கு 18 அடி கொட்டில், சீமெந்துத் தரை, சீற் கூரை 8 அடி உயரம். சுத்திவர 6 அடிக்குத் தகரம். வன்னியில இருந்து லொறியில வாற கிடாயள் 35, 40 வரை, சந்தைக்குப் போகுமட்டும் ஒரு கிழமை நிக்கும்.

இறங்கேக்க சுகமாத்தான் இருக்கும். மூண்டாம் நாலாம் நாள் மூக்கால தண்ணி, பிறகு மஞ்சள் சளி, வறட்டு இருமல், காய்ச்சல் 105 பாகை. கழிச்சல் இல்லை, வாயில புண்ணும் இல்லை. ஆடி ஆவணியில சோளகம் (தென்மேல் காத்து) அடிக்கேக்க இது வரேல்லை. கார்த்திகையில வாடைக் காத்து அடிக்கிற வடகீழ்ப் பக்கத் தகரத்தை மேல்வரை அடைச்ச பிறகுதான் தொடங்கினது.

புது ஆடுகளை வேறாக் கட்டிப் பாத்தாச்சு. இறங்கின உடன உப்பும் சீனியும் கரைச்ச தண்ணி, முதல் நாள் தவிடு இல்லாமல் குழையும் வைக்கோலும் மட்டும். மிருக வைத்தியர் ஒக்சிரெற்றாசைக்கிளின் எண்ட கிருமிகொல்லி ஊசி போட்டார், சுகம் வந்தது. ஆனால் ஊசி போட்டால் மருந்துக்காலம் (மருந்து உடம்பை விட்டுப் போற நாள்) முடியுமட்டும் இறைச்சிக்கு விடேலாது, சந்தை தவறிப்போம். தரைக்கு மரத்தூள் போட்டுக் காலமை அள்ளுறம். (சுண்ணாம்பு சொல்லாதேங்கோ, மூத்திரத்தில பட்டால் நெடி இன்னும் கிளம்பும்.) நிண்டு பாத்தால் நெடி தெரியாது, குந்தி, ஆடு படுக்கிற உயரத்தில மணந்தால் கண் எரியுது.

என்ர கேள்வி: மழைச்சாரல் உள்ளுக்கு வராமல் நெடி வெளியேற, வாடைப் பக்கத் தகரத்தில எந்த உயரத்தில, எவ்வளவு அகலத்துக்குத் திறப்பு விடோணும்?